நெய்ய வந்த பணமும் நெய்ததற்கு வந்த பணமும்

ஆரணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. சிங்கப்பூர்க் கடைக்காரருக்கு நீ எழுதிய ஆங்கிலக் கடிதத்தைப் படித்தேன். நம் வீட்டுத் தறிப் புடவைகளை வெளிநாட்டில் விற்க வேண்டும் என்று நீயே முனைந்து எழுத உட்கார்ந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில்தான் சொல்ல முடியும். செய்தி எல்லாம் சரியாக வரிசைப்பட்டிருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பெரிய தடுமாற்றம் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் அது கடிதம் முழுக்கப் பரவியிருக்கிறது. எதற்காக ஒரு வேலையைச் செய்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'ஃபார்' போட்டு, வினையோடு 'இங்' சேர்த்திருக்கிறாய்.

'வி ஆர் ரைட்டிங் ஃபார் இன்ட்ரொட்யூசிங் அவர் சாரீஸ்.' 'மை ஃபாதர் வென்ட் டு பெங்களூரு ஃபார் பையிங் சில்க்.' 'யூ கேன் கால் அஸ் ஃபார் ஆஸ்கிங் த பிரைஸ்.' படிப்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். ஆனாலும் மூன்றும் ஆங்கிலம் இல்லை. 'டு இன்ட்ரொட்யூஸ்', 'டு பை', 'டு ஆஸ்க்' என்று இருக்க வேண்டும்.

சிவப்பு மையில் திருத்தி அனுப்பினால் இந்த ஒரு கடிதம் சரியாகிவிடும். அடுத்த கடிதத்துக்கு நான் பக்கத்தில் இருப்பேனா என்று தெரியாது. அதனால் காரணத்தோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். இலக்கணப் பாடத்தில் நாம் அதிகம் மறந்துவிடுவது காதைத்தான்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். 'ஃபார்' என்றால் 'க்காக' என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம். 'பையிங்' என்றால் 'வாங்குவது'. இரண்டையும் சேர்த்தால் 'வாங்குவதற்காக'. விண்ணப்பம், சுற்றறிக்கை, கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் இந்த 'தற்காக' இருக்கிறது. மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைத்தவுடன் நம் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. நீயும் அந்நிய ஊர்க்காரருக்கு மரியாதையாக எழுத நினைத்தாய். மனசுக்குள் விண்ணப்பத் தமிழில் ஒரு வாக்கியம் அமைந்தது. அதை ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றினாய்.

உன் அப்பா பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்ன சொல்வான்? "பட்டு வாங்க பெங்களூரு போயிட்டு வரேன்" என்பான். அந்த 'வாங்க' என்ற ஒற்றைச் சொல்தான் ஆங்கிலத்தின் 'டு பை'. செய்ய, நெய்ய, பார்க்க, கேட்க, விற்க என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்தச் செய எச்சம் ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் என்ற பெயரில் இருக்கிறது. ஆகவே உனக்கு ஒரு சோதனை தருகிறேன். வாக்கியத்தில் 'தற்காக' வந்தால் அதை எடுத்துவிட்டு 'செய்ய' வடிவத்தை வைத்துப் பார். 'விலையைத் தெரிந்துகொள்வதற்காக அழைக்கலாம்', 'விலையைத் தெரிந்துகொள்ள அழைக்கலாம்'. பொருள் அப்படியே நின்றால் ஆங்கிலத்தில் 'டு' போடு, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

இவ்வளவு காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மனசு வலித்தது ஒரு விஷயத்தில்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், "எங்களுக்கு வீட்டில் தமிழ்தான் சார், அதனால்தான் இங்கிலீஷ் வரவில்லை" என்று தலை குனிந்து சொல்வார்கள். உன் தமிழ் உனக்குத் தடை இல்லை, பாப்பா. எதற்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்ல நம் மொழி எத்தனை வடிவங்களை வைத்திருக்கிறது தெரியுமா? தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது என்கிறார். அவற்றில் செய்யிய, செய்யியர், செயற்கு என்பவை நோக்கத்தைச் சொல்ல வருபவை. நன்னூலில் பவணந்தி பன்னிரண்டு சொல்கிறார். வான், பான், பாக்கு என்ற மூன்று ஈறுகளை அங்கே புதிதாகக் காணலாம், மூன்றுமே இனிச் செய்யப்போகிற ஒன்றுக்காக என்ற பொருளைத் தருபவை. 'உண்பான் வந்தான்' என்றால் உண்பதற்காக வந்தான். இத்தனை நுட்பத்தோடு இந்த இடத்தைக் கவனித்த மொழியில் பிறந்தவள் நீ.

இன்னொன்றும் கேள். ஆங்கிலத்தின் 'டு பை' ஆரம்பத்தில் 'வாங்குதற்கு' போலத்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'டு' என்பது ஒரு முன்னிடைச் சொல். அதை அடுத்து வரும் வினைப்பெயர் நாலாம் வேற்றுமை ஈறு ஏற்று நிற்கும். 'குடிப்பதற்கு' என்பதை 'டோ டிரின்கென்னெ' என்றார்கள். காலப்போக்கில் ஈறு தேய்ந்து விழுந்தது, 'டு' மட்டும் மிஞ்சியது. அதாவது நம் 'கு' உருபின் வேலையை அந்த 'டு' ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. இடைக்காலத்தில் அவர்களுக்கே அது போதாதென்று தோன்றி, முன்னால் 'ஃபார்' சேர்த்து 'ஃபார் டு' என்று எழுதினார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரில் அதைப் பார்க்கலாம், 1611ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் பார்க்கலாம். பிறகு பொது வழக்கில் அந்த 'ஃபார்' உதிர்ந்துவிட்டது. நோக்கத்துக்கு 'ஃபார்' வேண்டும் என்று உனக்குத் தோன்றியது அறிவில்லாத்தனம் என்று நினைத்துவிடாதே. அந்த மொழிக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியிருக்கிறது. இன்றைய ஆங்கிலம் அதை வேண்டாமென்று விட்டுவிட்டது, அவ்வளவே.

நம் பள்ளிகளில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயரும் துணைபோயிருக்கிறது. ரென், மார்ட்டின் இருவரும் எழுதி 1930களில் வெளிவந்த இலக்கணப் புத்தகம் என் அலமாரியில் இருப்பதை நீ பார்த்திருப்பாய். இந்தியா முழுவதும் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் படித்தோம். நோக்கத்தைச் சொல்லும் 'டு' வடிவத்துக்கு அதில் 'ஜெரண்டியல் இன்ஃபினிட்டிவ்' என்று பெயர். 'ஜெரண்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளைகளுக்கு 'இங்' ஞாபகம் வந்துவிடும். வடிவம் 'டு', பெயரில் மட்டும் ஜெரண்ட். நல்ல புத்தகம்தான், நானும் அதில்தான் கற்றேன். ஆனாலும் இந்தப் பெயரை வகுப்பில் சொல்லாமலே பாடம் நடத்தினால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் முடிவு.

சரி, 'ஃபார்' போட்டு 'இங்' சேர்ப்பது எப்போதுமே தவறா என்று கேட்பாய். இல்லை. அதற்கு இரண்டு சரியான இடங்கள் உண்டு. இரண்டும் உன் கடிதத்திலேயே வருகின்றன.

ஒன்று, ஒரு பொருள் எந்த வேலைக்கு உரியது என்று சொல்லும் இடம். நம் வீட்டுத் தறிக்கொட்டகையை விவரித்திருக்கிறாயே, அந்தப் பத்தியில் நீ எழுதியவை சரி. 'திஸ் வீல் இஸ் ஃபார் வைண்டிங் த்ரெட்.' ராட்டை நூல் சுற்றுவதற்கானது. 'அ லென்ஸ் ஃபார் கவுன்ட்டிங் த்ரெட்ஸ்.' இழை எண்ணும் கண்ணாடி. இங்கே யாரும் எங்கும் போகவில்லை, யாரும் எதையும் எண்ணிச் செய்யவில்லை. பொருளின் பயன் மட்டும் சொல்லப்படுகிறது. தமிழில் இதைப் பெரும்பாலும் பெயரெச்சமாகச் சொல்கிறோம்: தார் சுத்துற ராட்டை, இழை எண்ணுற கண்ணாடி, துணி துவைக்கிற சோப்பு. இப்படிப் பொருளுக்கு முன்னால் வினை ஒட்டி நின்றால் 'ஃபார் வைண்டிங்' என்று தயங்காமல் எழுது. அதே ராட்டை முன்னால் உன் அம்மா உட்கார்ந்துவிட்டால் கதை மாறும். 'மை மதர் சிட்ஸ் அட் த வீல் டு வைண்ட் த்ரெட்.' நூல் சுற்ற உட்காருகிறாள். ஆள் வந்தாயிற்று, எண்ணம் வந்தாயிற்று, 'டு' வந்தாயிற்று.

புவிசார் குறியீடு பற்றி எழுதிய வரியையும் இப்படிப் பிரித்துப் பார். 'த டேக் இஸ் ஃபார் ப்ரொடெக்டிங் த நேம்' என்றால் அந்தக் குறியீட்டின் பயனைச் சொல்கிறாய், சரி. 'த டேக் வாஸ் அப்டெய்ண்ட் ஃபார் ப்ரொடெக்டிங் த நேம்' என்று நீ எழுதியிருப்பது சரியில்லை. யாரோ முயன்று பெற்றார்கள், பெயரைக் காப்பாற்றப் பெற்றார்கள். வாக்கியத்தில் அவர்கள் பெயர் இல்லாவிட்டாலும் அவர்கள் எண்ணம் இருக்கிறது. ஆகவே 'டு ப்ரொடெக்ட்'. பட்டுப்புடவை உள்ளிட்ட துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வரியிலும் இதே திருத்தம். 'பாஸ்ட் டு ப்ரொடெக்ட் ஹேண்ட்லூம்ஸ்'.

இரண்டாவது இடம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் தொழிலை அறிந்தவர்களுக்கு இது ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களைவிடச் சுலபமாகப் புரியும் என்று நம்புகிறேன்.

உன் அப்பா சொந்தத்துக்கு நெய்யத் தொடங்குவதற்கு முன்னால் பல வருஷம் கூலிக்கு நெய்தவன். முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், டிசைனையும் அவரே சொல்வார். இவன் நெய்து புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி கிடைக்கும். அதற்கு முன்னாலேயே ஒரு தொகை வாங்கியிருப்பான், அது அட்வான்ஸ். இரண்டும் ஒரே கையிலிருந்து வரும் பணம்தான். ஆனால் ஆரணியிலோ சேவூரிலோ முள்ளிப்பட்டிலோ தேவிகாபுரத்திலோ எந்தத் தறிக்காரரிடம் கேட்டாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டார். ஒன்று நெய்ய வந்த பணம். மற்றது நெய்ததற்கு வந்த பணம். முதலாவது வாங்கியவனைக் கட்டிவைக்கும், இரண்டாவது அவன் கணக்கைத் தீர்க்கும்.

ஆங்கிலம் இந்த வேறுபாட்டை 'டு', 'ஃபார்' இரண்டையும் வைத்துச் சொல்கிறது. 'ஹி வாஸ் பெய்ட் டு வீவ் டென் சாரீஸ்' என்றால் பத்துப் புடவை நெய்யப் பணம் கொடுத்து அமர்த்தினார்கள். நெய்து முடித்தானா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 'ஹி வாஸ் பெய்ட் ஃபார் வீவிங் டென் சாரீஸ்' என்றால் பத்தும் நெய்தான், அதற்குரிய கூலி வந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்த இரண்டாவது 'ஃபார்' நோக்கத்தைச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறது. முடிந்துபோன செயலைத் திரும்பிப் பார்க்கிறது. நம் தமிழ் இதைக் காலத்தோடு காட்டுகிறது பார்: 'நெய்வதற்கு' என்றால் இனிமேல், 'நெய்ததற்கு' என்றால் முடிந்தது. 'ததற்கு' என்று இறந்தகாலம் வந்தால் 'ஃபார்' போட்டு 'இங்' சேர். வந்ததற்கு நன்றி, 'தேங்க் யூ ஃபார் கமிங்'. தாமதித்ததற்கு வருந்துகிறோம், 'வி ஆர் சாரி ஃபார் டிலேயிங்'. உதவியதற்குப் பாராட்டினார்கள், 'ஃபார் ஹெல்பிங்'. பட்டுக்கு முன்னால் ஆரணி மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் போன ஊர் என்று எழுதினாயே, 'ஃபேமஸ் ஃபார் வீவிங் மஸ்லின்' என்று. அது சரியான ஆங்கிலம். நெய்ததனால் வந்த புகழ் அது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீ எழுதுவது வியாபாரக் கடிதம். அங்கே பணம் பேசப்படுகிறது. 'வி ரெக்வெஸ்ட் ஹாஃப் த அமௌன்ட் ஃபார் ஸ்டார்ட்டிங் த வொர்க்' என்று எழுதியிருக்கிறாய். வேலையைத் தொடங்கியதற்குப் பணம் கேட்கிறாயா, தொடங்கப் பணம் கேட்கிறாயா என்று அவர் ஒரு நொடி தயங்கினாலும் உனக்கு நல்லதல்ல. 'டு ஸ்டார்ட் த வொர்க்' என்று எழுதிவிடு. நெய்ய வரும் பணம் என்பது தெளிவாக இருக்கட்டும்.

பெயர்ச்சொல் மட்டும் வரும் இடங்களில் 'ஃபார்' உன் நண்பன், அதைப் பற்றிப் பயப்படாதே. 'ஐ கேம் ஃபார் த இன்டர்வியூ' சரி. 'ஃபார் அட்டெண்டிங் த இன்டர்வியூ' என்று நீட்ட வேண்டாம். புடவையின் கடைசிப் பகுதி ரவிக்கைக்கு, 'த லாஸ்ட் பார்ட் இஸ் ஃபார் த ப்ளவுஸ்'. முகூர்த்த மாதங்களில் வெளியூர்க்காரர்கள் புடவை எடுக்க வருகிறார்கள் என்பதற்கு 'தே கம் டு பை சாரீஸ்' என்று எழுது. 'கோ ஃபார் ஷாப்பிங்' என்று நம் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். அது 'கோ ஷாப்பிங்', நடுவில் ஒன்றும் வேண்டாம்.

இனி, உன் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம். நம் தெருவைப் பற்றி எழுதியிருந்தாய்: 'இன் அவர் ஸ்ட்ரீட் மெனி ஃபேமிலீஸ் ஹேவ் ஸ்டாப்ட் டு வீவ்.' நீ சொல்ல நினைத்தது எனக்குத் தெரியும். செய்யாறு சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறிப் போகிறார்கள் பிள்ளைகள். குழித்தறியை மூடித் தரை போட்டுவிட்ட வீடுகள் நம் தெருவில் எத்தனை என்று நீ எண்ணிப் பார்த்தவள். அந்த வேதனையோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த ஆங்கில வாக்கியம் நேர் எதிரானதைச் சொல்கிறது. 'ஸ்டாப்ட் டு வீவ்' என்றால், செய்துகொண்டிருந்த வேறு வேலையை நிறுத்தினார்கள், எதற்கு? நெய்ய. பல குடும்பங்கள் மற்ற வேலையை விட்டுத் தறிக்கு வந்துவிட்டன என்று ஆகிறது. 'ஸ்டாப்ட் வீவிங்' என்று இருக்க வேண்டும். நெய்வதை நிறுத்தினார்கள்.

இங்கேயும் தமிழில் கேட்டுப் பார். நிறுத்தியது எது? 'நெய்வதை' என்று இரண்டாம் வேற்றுமையில் வந்தால் 'வீவிங்'. நின்றது எதற்கு? 'நெய்ய' என்று வந்தால் 'டு வீவ்'. 'ரிமெம்பர்' என்ற வினைக்கும் இதே வழி உண்டு. கொட்டகையைப் பூட்ட மறக்காதே என்பது 'ரிமெம்பர் டு லாக் த ஷெட்'. பூட்டியது ஞாபகம் இருக்கிறது என்பது 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த ஷெட்'. முன்னால் இருக்கும் செயலுக்கு 'டு', பின்னால் முடிந்ததற்கு 'இங்'. எல்லா வினைக்கும் இது பொருந்தாது. 'எஞ்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' போன்றவை 'இங்' மட்டுமே ஏற்கும், 'டிசைட்', 'ஹோப்', 'அக்ரீ' போன்றவை 'டு' மட்டுமே ஏற்கும். அவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதே, படிக்கப் படிக்கப் பழகிவிடும்.

'யூஸ்' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பத்தி கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் உன் கடிதத்தில் அது மூன்று வேடத்தில் வருகிறது. 'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு வீவ் காட்டன்' என்றால் தாத்தா அந்தக் காலத்தில் பருத்தி நெய்துகொண்டிருந்தார், இப்போது இல்லை. 'திஸ் லூம் இஸ் யூஸ்ட் டு வீவ் சில்க்' என்றால் இந்தத் தறியைப் பட்டு நெய்யப் பயன்படுத்துகிறோம். இங்கே 'யூஸ்ட் ஃபார் வீவிங் சில்க்' என்றாலும் சரியே. பொருளின் பயனும் மனிதரின் எண்ணமும் ஒரே இடத்தில் சேர்வதால் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. 'மை ஃபாதர் இஸ் யூஸ்ட் டு வீவிங் அட் நைட்' என்றால் அப்பாவுக்கு ராத்திரியில் நெய்து பழக்கம். இந்தக் கடைசி வாக்கியத்தில் 'டு'வுக்குப் பின்னால் 'இங்' வந்திருப்பதைக் கவனி. நீ அதை 'மை ஃபாதர் யூஸ்ட் டு வீவ் அட் நைட்' என்று எழுதிவைத்திருக்கிறாய், அதனால் அப்பா ராத்திரி நெய்வதை எப்போதோ விட்டுவிட்டதாக ஆகிவிட்டது.

அந்த 'டு' வேறு 'டு'. அது 'க்கு' என்ற உருபு மட்டும், வினையோடு ஒட்டியது இல்லை. 'பழக்கத்துக்கு', 'இருட்டுக்கு' என்பதுபோல ஒரு பெயரை அங்கே வைத்துப் பார்: 'யூஸ்ட் டு த டார்க்'. பெயர் உட்கார்ந்தால், வினையும் பெயராகி 'இங்' ஏற்றுத்தான் வரும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதும் அப்படித்தான். 'டு யுவர் விசிட்' என்று பெயர் வைக்கலாம், ஆகவே 'டு மீட்டிங் யூ'. வியாபாரக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த வரியோடு முடிகின்றன, எழுதுவோரில் பலர் 'டு மீட் யூ' என்று எழுதிவிடுகிறார்கள். நீ எழுதாதே.

புடவையைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். 'ஆரணி சில்க் இஸ் லைட் ஃபார் வியரிங் அண்ட் ஈஸி ஃபார் டிரேப்பிங்.' காஞ்சிபுரத்துப் புடவையைவிட நம்முடையது எடை குறைவு என்பதைச் சொல்ல வருகிறாய், நல்ல விஷயம், வாங்குகிறவர் முதலில் கேட்பதும் அதுதான். உடுத்த லேசு, கட்ட எளிது என்கிறோம் தமிழில். அந்த 'உடுத்த', 'கட்ட' இரண்டும் செய எச்சங்கள். 'லைட் டு வேர்', 'ஈஸி டு டிரேப்'. பார்த்தாயா, நான் சொன்ன சோதனை இங்கேயும் வேலை செய்கிறது.

அது வேலை செய்யாத ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உன்னை ஏமாற்றியவன் ஆவேன். செய எச்சத்துக்கு முன்னால் ஓர் எழுவாய், பின்னால் வேறோர் எழுவாய் என்று தமிழில் தாராளமாக வரும். 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்போம். ஆங்கிலத்தில் நோக்கத்தைச் சொல்லும் 'டு'வுக்கு அந்தத் தாராளம் கிடையாது. முதல் வினையைச் செய்பவரே 'டு'வுக்குப் பின்னால் வருவதையும் செய்ய வேண்டும். புடவையைப் பாதுகாக்கும் முறை என்று எழுதியிருக்கிறாயே, 'டிரை இன் ஷேட் டு நாட் ஃபேட்'. நிறம் மங்காமல் இருக்க நிழலில் உலர்த்துங்கள் என்பதைத்தான் அப்படியே எழுதியிருக்கிறாய். உலர்த்துகிறவர் மனிதர், மங்குவது நிறம். ஆள் மாறிவிட்டது. இப்படி ஆள் மாறும்போது 'சோ தட்' வை: 'டிரை இட் இன் ஷேட் சோ தட் த கலர் டஸ் நாட் ஃபேட்'. அல்லது 'டு கீப் த கலர்' என்று எழுது, நிறத்தைக் காப்பாற்றுகிறவரும் உலர்த்துகிறவரும் ஒருவரே. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. முந்தானை நூலை வாங்குகிறவர் முடிந்துகொள்ளட்டும் என்று நீளமாக விடுகிறோமே, அதற்கு 'வி லீவ் த எண்ட்ஸ் லாங் ஃபார் த கஸ்டமர் டு டை' என்று 'ஃபார்' போட்டு ஆளைச் சொல்லி, பிறகு 'டு' போட்டு வேலையைச் சொல்லலாம்.

உண்மையான பட்டா என்று பார்க்கிற முறையை நீ எழுதவில்லை. சேர்த்துவிடு, வெளியூர்க்காரருக்கு நம்பிக்கை வரும். ஓர் இழையைக் கொளுத்தினால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். 'வி பர்ன் அ த்ரெட் டு டெஸ்ட் த சில்க்.' நீயே எழுதிப் பார், இப்போது 'டு' தானாக வரும்.

கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சியில் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாய், போனில் நீ பேசியதைக் கேட்டேன், தயக்கமே இல்லை. அந்தத் தைரியத்தை இந்தத் திருத்தங்கள் குறைத்துவிடக் கூடாது. பேசும்போது 'ஃபார் பையிங்' என்று வந்துவிட்டால் நிற்காமல் பேசிக்கொண்டே போ. எழுதும்போது மட்டும், அனுப்பும் முன் ஒருமுறை 'ஃபார்' வருகிற இடங்களில் விரலை வைத்துக் கேள்: இது பொருளின் பயனா, முடிந்ததற்குக் காரணமா, வெறும் பெயரா? மூன்றும் இல்லையென்றால் அடித்துவிட்டு 'டு' எழுது.

கடைசிப் பத்தியை மட்டும் நான் மாற்றி எழுதித் தருகிறேன். 'வி ஆர் ரைட்டிங் டு ஆஃபர் யூ அவர் சாரீஸ். தேங்க் யூ ஃபார் ரீடிங் திஸ் லெட்டர். ப்ளீஸ் கால் அஸ் டு சீ தி டிசைன்ஸ். வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.' நான்கு வரிகளிலும் இந்தக் கடிதத்தில் சொன்னவை இருக்கின்றன. மற்றதை நீயே திருத்து.

அப்பாவின் பழைய நாட்களைப் பற்றிய பத்தியை நான் தொடவில்லை. 'ரிசீவ்ட் மனி ஃபார் வீவிங்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதில் ஒன்று கூலியாகவும் மற்றொன்று அட்வான்ஸாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எது எது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவன் தறியை விட்டு எழுந்ததும் இரண்டு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா